தாலாட்டு தாங்காத இன்ஜின்

கப்பலூர் தொழிற்பேட்டையில் முத்திருளனின் ஷெட்டுக்கு வழி கேட்டால், "டிராக்டர் தூங்குற ஷெட்டா?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். உண்மையில் அங்கே தூங்குவது டிராக்டர் அல்ல. தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்பது முத்திருளன்தான்.

ஓர் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பக் கட்டி முடித்ததும் அவர் அதை உடனே அனுப்பிவிட மாட்டார். ஸ்டார்ட் செய்து, மிகக் குறைந்த வேகத்தில், சும்மா நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். ஷெட்டில் இதற்குத் தாலாட்டு என்று பெயர். வால்வு மூடியின் மேல் ஒரு கிளாஸ் டீயை வைப்பார். டீ தளும்பாமல் நின்றால் இன்ஜினுக்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ராசியாகிவிட்டது என்று அர்த்தம். டிராக்டர்க்காரர் குடும்பத்தோடு வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். தூக்குவாளியில் சோறு வந்திருக்கும். இரண்டு மணி நேரத் தாலாட்டு முடிந்ததும் டிராக்டர் ஊருக்குப் போய், அன்று பொழுது சாய்வதற்குள் கலப்பையை மாட்டிக்கொண்டு காட்டில் இறங்கிவிடும்.

அந்த இரண்டு மணி நேரமும் முத்திருளன் கவிழ்த்த டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மூன்று சிலிண்டர் டிராக்டர் ஓடினால் அவருக்குள் மழை பெய்யும்; தூரத்தில் பருத்திக் காட்டின் மேல் இறங்கி, நடந்து நடந்து கிட்டத்தில் வருகிற மழை. நான்கு சிலிண்டர் என்றால் ஒரு பெரிய மந்தை தார்ரோட்டைக் கடந்துபோகும். பழைய லாரி இன்ஜின் ஒன்று ஒரு தடவை அவரை உசிலம்பட்டி சந்தைக்கே கூட்டிக்கொண்டு போய், விடிகாலை இருட்டில் வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே நிறுத்தியது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பக்கத்து ஷெட் காசிமாயன் சும்மா விடமாட்டார்.

முத்திருளனுக்கு வயது ஐம்பத்திரண்டு. யாரிடமும் வேலை பழகியவர் இல்லை. பதினான்கு வயதில், எவராலும் ஓட்ட முடியாமல் கிணற்று மேட்டில் கிடந்த ஆயில் இன்ஜினைத் தனியாகப் பிரித்தார். மூன்று நாள் கழித்துத் திரும்ப மாட்டினார். ஒரு போல்ட் மிச்சமாகிவிட்டது. இன்ஜின் ஓடியது. அந்த போல்ட் எங்கே போகவேண்டியது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அது உறுத்தியதோ என்னவோ, அதற்குப் பிறகு கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வைப்பது அவருக்கு விரதம் மாதிரி ஆகிவிட்டது. நாள்காட்டித் தாள்களைப் பின்பக்கம் திருப்பி விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, அந்தந்த சிலிண்டரின் சாமான்களை அந்தந்தத் தாளில்தான் அடுக்குவார். காற்றடித்தால்கூட ஒரு தாளின் சாமான் இன்னொன்றுக்குப் போகாது. பின்னால் அவர் திருமங்கலத்திலும் கப்பலூரிலுமாக மற்றவர்கள் வேலை செய்வதை ஓரமாக நின்று பார்த்தார். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தார். அவ்வளவுதான் படிப்பு.

ஆர்த்திகா அந்தக் காரைக் கொண்டுவந்தது ஆவணி மாதத்தில். ஒரு சின்ன லாரியின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தாள். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, சிவப்பு நிற ஜப்பான் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆர்த்திகா மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். திருப்பரங்குன்றத்தில் வீடு. மாதக் கடைசியில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயத் தடத்துக்கு இந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு வருவாள். அவள் அப்பா பீமாராவ் விவசாய இலாகாவில் இருந்தபோது முத்திருளனின் டிராக்டர் வேலையைப் பார்த்தவர். அவர்தான் அனுப்பியிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, எங்க வலிக்குதாம்?"

"ஒரு வளைவு இருக்குண்ணே, ரொம்ப நீளமான வளைவு. அதுல போகையில எண்ணெயெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிருச்சு. கொஞ்ச நேரம் பேரிங்குக்கு எண்ணெயே போகல. டக்குடக்குன்னு ஒரு சத்தம். அம்புட்டுதான். கிளச்சும் அன்னைக்கே கருகிப்போச்சு."

"வேற இன்ஜின் வாங்கிப் போட்டா என்ன?"

"எல்லாரும் அதத்தான் சொல்றாக. இங்க கிடைக்கல. வெளியிலருந்து வரணும்னா ஒரு வருஷம். இது வாங்குன நாள்லருந்து பாதி நாள் படுத்தே கிடக்குண்ணே. வர்ற மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை இது தடத்துல ஓடலைன்னா வித்துர்றேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்."

முத்திருளன் காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். அவர் கார் இன்ஜின் கட்டியிருக்கிறார். பந்தயத்துக்குப் போகிற காரைத் தொட்டதில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். அலுமினிய மூடியின் மேல் வெயில் விழுந்து கண்ணில் அடித்தது.

"வச்சுட்டுப் போங்க" என்றார்.

பிரித்துப் பார்த்ததில் கிராங்க் தண்டைத் தீட்டினால் பிழைக்கும் என்று தெரிந்தது. மூன்றாவது பிஸ்டன் போய்விட்டது. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கை, துளைகளைக் கடைந்து அகலமாக்கக் காசிமாயனின் போரிங் ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காசிமாயன் சிலிண்டருக்குள் அளவுக் கருவியை விட்டு, நாலு இடத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"மாப்ள, இத ஏற்கெனவே ரெண்டு தடவ கடைஞ்சிருக்கான். கடைசி சைஸ் ஒண்ணு பாக்கி. அதையும் கடைஞ்சுட்டா அப்புறம் இது பிளாக்கு இல்ல, ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி."

"ஒரு தடவதான கடையப் போறோம்."

"ஒன்னயப் பத்தித் தெரியாதா? நீ எதத்தான் ஒரே தடவையில விட்ட? கட்டுன பொண்டாட்டியையே நாலு தடவ போயிப் பொண்ணு பாத்தவன்."

கடைசி சைஸுக்குக் கடைந்தார்கள். அந்த சைஸில் பிஸ்டன் கிடைத்தது. பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங் ஒரே ஒரு செட் கிடைத்தது. கேஸ்கட்டுகளை மட்டும் ஆர்த்திகா இரண்டிரண்டாக வரவழைத்திருந்தாள். "எங்க வேலையில எதையும் ஒத்தையா வச்சுக்க மாட்டோம்ணே" என்றாள்.

முத்திருளன் நாள்காட்டித் தாள்களை விரித்தார். பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பேரிங் இடைவெளிகளை மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒன்றாக வரும்வரை அடுத்ததற்குப் போகவில்லை. கிளச்சுக்கு வந்தபோது கையை சோப்புப் போட்டுக் கழுவினார். புது கிளச் பிளேட்டில் எண்ணெய் விரல் பட்டால் போச்சு. தலைக்கு எண்ணெய் தேய்த்திருந்த டீக்கடைக்காரரை அன்று வாசலோடு நிறுத்திவிட்டார். பிளேட் நட்டநடுவில் நிற்க ஒரு தண்டு வேண்டும்; காசிமாயன் வேப்பங்கட்டையில் கடைந்து கொடுத்தார். அதைச் செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரும் புதிருமாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினார். தண்டை உருவியபோது அது வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

பிறகு ஆர்த்திகா வாங்கிவைத்திருந்த உயர்ந்த ரக எண்ணெயை ஊற்றி, ஸ்டார்ட் செய்தார்.

இதுவரை கேட்டிராத சத்தம் அது. மழையுமில்லை, மந்தையுமில்லை. கண்ணை மூடினால், கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்க்கிற மாதிரி இருந்தது. வெளிச்சம் பச்சையாக அசைந்தது, மீன்கள் ஒரே திசையில் திரும்பின. டீ கிளாஸில் ஒரு வளையம்கூட எழும்பவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. நிறுத்த மனம் வரவில்லை. இது சொகுசான சாமான், டிராக்டர் மாதிரி முரட்டுப் பிள்ளை இல்லை, இன்னும் கொஞ்சம் ஆடட்டும் என்று விட்டார். மறுநாளும் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம்வரை தாலாட்டினார். மூன்றாம் நாளும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கக்கூட அவர் மறந்துபோனார்.

நான்காம் நாள் ஆர்த்திகா வந்து வண்டியை எடுத்தாள்.

"கிளச்சு புதுசு, படியணும்" என்றார் முத்திருளன். "அஞ்சு நாள் டவுனுக்குள்ளயே ஓட்டுங்க. கோரிப்பாளையம், சிம்மக்கல்னு எங்க கூட்டமோ அங்க போங்க. பூப்போல மிதிக்கணும், பூப்போல விடணும். வேகம் வேணவே வேணாம்."

அவள் சொன்னபடியே செய்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அஞ்சு நாள், கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள். ஆறாம் நாள் காலையில் கார் மறுபடி ஷெட் வாசலில் வந்து நின்றது. பின்னால் நீலமாக ஒரு புகை வந்து, புங்கமரத்தின் கீழ்க் கிளையில் தொங்கியது.

"கிளச்சு நெய் மாதிரி இருக்குண்ணே. ஆனா இது மூச்சு சரியில்ல."

முத்திருளன் இன்ஜினை ஓடவிட்டபடியே, எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகி எடுத்தார். அதைக் கவிழ்த்து அதே வாயின் மேல் சும்மா வைத்தார். மூடி உலையில் வைத்த பானைத் தட்டு மாதிரி தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது. எரிகிற காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிந்தால்தான் மூடி இப்படி ஆடும். பிளக்கைக் கழற்றி, அளவுமானியை வைத்து அழுத்தம் பார்த்தார். நான்கு சிலிண்டரும் குறைவு. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தார். எண்ணெய் கசிவை அடைத்ததும் முள் துள்ளி மேலே போய் நின்றது. சந்தேகமில்லை, ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு சேரவில்லை.

சத்தம் கேட்டுக் காசிமாயன் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, டான்ஸ் ஆடுது? தடத்துல ஓடச் சொன்னா மேடையேறிருச்சா?"

முத்திருளன் விழுந்த மூடியைக் குனிந்து எடுத்தார். அளந்ததில் தப்பில்லை. இறுக்கியதில் தப்பில்லை. எல்லாம் சரியாகத்தானே செய்தோம் என்று அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆர்த்திகா சுவரில் சாய்ந்து நின்று, கைப்பேசியில் தேதியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள்.

"ராத்திரியெல்லாம் டூட்டியா தாயி? முகம் வாடிக் கிடக்கு" என்றார், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல்.

"ஒரு பெரியவரு. வயித்துல ஆபரேஷன். நேத்தே எழுப்பி நடக்க வச்சிருக்கணும். அவுக மகளுக பாவம் பாவம்னு படுக்கவே வச்சுட்டாக. நெஞ்சுல சளி கட்டிருச்சு. மயக்கம் குடுக்குறது பெருசில்லண்ணே. வலிச்சாலும் எந்திரிச்சு நடந்து, மூச்ச இழுத்து விட்டாத்தான் நுரையீரல் விரியும். படுத்தே கிடந்தா அது வேலை மறந்துரும்."

முத்திருளன் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக அவர் தாலாட்டிய டிராக்டர்கள் எல்லாம் வரிசையாக அவர் கண் முன்னால் எழுந்து, கலப்பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போயின. அவற்றைச் சரியாக்கியது அவர் தாலாட்டு இல்லை. அன்று சாயங்காலம் அவை உழுத உழவு. புது ரிங்கைச் சிலிண்டர் சுவரில் அழுத்திப் படியவைப்பது எரிகிற காற்றின் பலம்தான். பாரம் இல்லாமல் அந்தப் பலம் வராது. சும்மா ஓடினால், கடையும்போது சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள் எண்ணெய் படிந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். போதாததற்கு வழுக்குகிற அந்த உயர்ந்த ரக எண்ணெய் வேறு. கிளச்சுக்குப் பூப்போல என்று சொன்ன அதே வாயால் இன்ஜினையும் பூவாக்கிவிட்டார்.

"தப்பு என்னுதுதான் டாக்டரம்மா" என்றார். "நெறைய நேரம் தூங்க வச்சுட்டேன். திரும்பப் பிரிக்கணும்."

"பிரிச்சா சரியாகுமா?"

"கண்ணாடிய லேசாச் சொரண்டி விடணும். அதுக்குப் பிளாக்குல எடம் ரொம்பக் கம்மி. கூடச் சொரண்டுனா பிளாக்கு போயிரும். கொறையச் சொரண்டுனா இப்படியே தான் இருக்கும்."

ஆர்த்திகா சுவரை விட்டு நிமிர்ந்து நின்றாள். "இத நீங்க சொல்லாம, ஓட ஓடச் சரியாயிரும்னு குடுத்து விட்ருக்கலாம்ல?"

"தடத்துல போயி நின்னா?"

"சரி, பிரிங்கண்ணே."

நான்கு நாளில் இன்ஜின் மறுபடி வெளியே வந்து, நாள்காட்டித் தாள்களின் மேல் கிடந்தது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால், பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஆறு பங்கு இடைவெளி இருந்தது. ஏழு பங்கைத் தாண்டினால் பிளாக் போச்சு. காசிமாயன் தன் மெஷினில் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "இது என் மெஷினுக்கு அடங்காது மாப்ள. அதுக்குத் தெரிஞ்சது திங்கிறது மட்டுந்தான்."

எனவே கையால். சுவரைத் தேய்க்கிற, மூன்று கால் உள்ள சின்ன ஹோனிங் கருவியில் நயமான கல்லைப் பூட்டி, மெதுவாகச் சுற்றுகிற டிரில்லில் மாட்டினார். மண்ணெண்ணெய் ஊற்ற ஊற்ற, மேலும் கீழுமாக விட்டு எடுத்தார். ஒரு சிலிண்டருக்கு எட்டுத் தடவை. காசிமாயன் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினார். கிண்டலை மறந்துவிட்டிருந்தார். ஆறாவது தடவையில் கண்ணாடி மங்கியது. எட்டாவதில் குறுக்குக் கோடுகள் நனைந்த சேலையின் நெசவு போலத் தெளிந்தன. முத்திருளன் டிரில்லை நிறுத்தினார். இன்னும் ஒரு தடவை விட்டால் இன்னும் அழகாக வரும் என்று கை சொன்னது. கை சொன்னதை அவர் கேட்கவில்லை.

அளந்தார்கள். ஆறரைக்குச் சற்றுக் குறைவு. நான்கிலும்.

சுடுதண்ணீரும் சோப்புமாகச் சிலிண்டர்களைக் கழுவி, வெள்ளை பனியன் துணியால் துடைத்தார். துணி கறுத்தது. மறுபடி கழுவினார். ஏழாவது தடவை துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. அதே ரிங்குகளை அதே சிலிண்டர்களில் மாட்டினார். இந்தத் தடவை சாதாரண எண்ணெய் ஊற்றினார்.

கிளச் மட்டும் ஏற்கெனவே படிந்திருந்தது. டவுனுக்குள் ஊர்ந்த அந்த அஞ்சு நாள் அதற்காவது உதவியிருந்தது. இனி பாரம் கொடுக்கலாம்.

வியாழக்கிழமை காலை, டீ கிளாஸ் இல்லை, கவிழ்த்த டின் இல்லை. "ஸ்டார்ட் பண்ணுன உடனே கிளம்பணும்" என்றார் முத்திருளன். "சூடு ஏறுற வரைக்கும் மிதமா. அதுக்கப்புறம் எங்கயும் நிக்காம ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும்."

"நீங்களும் வாங்கண்ணே."

இருபத்தாறு வருஷத்தில் தான் கட்டிய எந்த இன்ஜினுக்குப் பின்னாலும் அவர் உட்கார்ந்து போனதில்லை. சீட் தரையில் இருந்தது. காலை நீட்டிக்கொண்டு படுத்த மாதிரி உட்கார வேண்டியிருந்தது. காசிமாயன் வாசலில் நின்று கும்பிட்டார். "மாப்ள, பல்லாக்குல போற. கண்ணத் தொறந்துக்கிட்டே போ!"

திருமங்கலம் தாண்டியதும் சூடு முள் நடுவுக்கு வந்தது.

"மூணாவது கியர். முழுசா மிதிங்க."

அவள் மிதித்தாள். கார் மூக்கை நிமிர்த்திப் பாய்ந்தது. கருவை மரங்கள் பச்சைக் கோடாயின.

"இப்ப விடுங்க. பிரேக்கத் தொடாதீங்க. தானா வேகம் கொறையட்டும். ம்... இப்ப மறுபடி."

இப்படியே, மிதித்தும் விட்டும், மிதித்தும் விட்டும், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே போனார்கள். சோளத்தட்டை வாசமும் சூடான எண்ணெய் வாசமும் முகத்தில் மாறி மாறி அடித்தன. உசிலம்பட்டிக்குள் நுழையும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு மஞ்சள் பையோடு பாண்டீஸ்வரி நின்றிருந்தாள். திருமங்கலத்தில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். கூரையில்லாத சிவப்புக் காரில், தலைமுடி பறக்க, ஒரு சின்னப் பெண் பக்கத்தில் படுத்துக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தாள். அது தன் புருஷன் என்பது அவளுக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஏங்க! ஏங்க, நிப்பாட்டுங்க!"

"நிக்கக் கூடாது!" என்று முத்திருளன் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். "நின்னாத் தூங்கிரும்!"

கண்ணாடியில் பாண்டீஸ்வரி சிறுத்துக்கொண்டே போனாள். அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா என்ன சொல்றாக?" என்றாள் ஆர்த்திகா.

"கேக்காம இருக்கிறதே நல்லது. மிதிங்க தாயி."

கணவாய் ஏற்றத்தில் இன்ஜினின் குரல் மாறியது. சும்மா ஓடும்போது தண்ணீருக்கடியில் இருந்த சத்தம், பாரம் ஏற ஏற மேலே வந்தது. கண்ணை மூடவேயில்லை, ஆனாலும் முத்திருளன் கண்டார். பச்சை வெளிச்சம் பிளந்தது. கண்மாய் மேல் எழும்பி, மீன்களோடு, காற்றோடு, மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. தான் இருபத்தாறு வருஷமும் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பதாகத் தோன்றியது.

உச்சியில் ஒரு புளியமரத்தடியில் அவள் ஓரங்கட்டினாள். "அணைக்கவா?"

"வேணாம். ஓடட்டும்."

பானட்டைத் திறந்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினார். அதை வாயின் மேல் கவிழ்த்து வைக்கும் முன் ஒரு கணம் தயங்கினார். ஆர்த்திகா இறங்கி வந்து, நோயாளியின் மேல் குனிகிற மாதிரி இன்ஜினின் மேல் குனிந்தாள்.

மூடி ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புளிய இலை ஒன்று மூடியின் மேல் விழுந்தது. அதுகூட அசையவில்லை.

"மூச்சு சீரா இருக்கு" என்றாள் அவள், ரகசியம் மாதிரி. பிறகு, "ஞாயித்துக்கிழமை போலாமாண்ணே?"

"போங்க. அங்க போயும் சும்மா நிக்க வச்சு அழகு பாக்காதீங்க."

இறங்கி வந்தபோது பாண்டீஸ்வரி இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தாள். பஸ் வரவில்லை. இப்போது கார் நின்றது. அவள் காரைப் பார்த்தாள், ஆர்த்திகாவைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"தூங்கிரும்னீங்க? இப்ப முழிச்சுக்கிருச்சாக்கும்?"

"நீங்க ஏறுங்கக்கா, திருமங்கலத்துல விட்டுட்டுப் போறேன்" என்றாள் ஆர்த்திகா.

இரண்டே சீட். முத்திருளன் இறங்கி, பாண்டீஸ்வரியின் மஞ்சள் பையை வாங்கி அவள் மடியில் வைத்துவிட்டு, ஸ்டாப்பில் போய் நின்றார். கார் கிளம்பிய சத்தம் ரோட்டின் கடைசிவரை கேட்டது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் அவள் முழுசாக மிதித்தாள். பாண்டீஸ்வரி போட்ட கூச்சல் அதில் மெல்லக் கரைந்தது.

பத்து நிமிஷத்தில் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கம்பியில் தலையைச் சாய்த்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.